இசக்கி அப்பா

கை கால் விழுந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற எங்கள் தெரபி ஹாலில் யாரும் உண்மை சொல்ல மாட்டோம். குழந்தை எப்படி இருக்கு என்று யார் கேட்டாலும், "அப்படியேதான் இருக்கு" என்பதுதான் பதில். நேற்றுவரை தலை நிற்காத பிள்ளை இன்று எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும். அதன் அம்மா பக்கத்திலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எங்கே, ஒரு மாற்றத்தையும் காணோம் என்பாள். கேட்டவளும் உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். இரண்டு பேருக்குமே விஷயம் தெரியும். வெளியே சொன்னால் கண் பட்டுவிடும். விழிஞ்ஞத்து மீன்பிடிக் குடும்பத்து அம்மா, பாறசாலைப் பக்கத்து சர்ச்சுக்காரி, ஆரியசாலையில் மஞ்சள், மிளகாய் மண்டி வைத்திருப்பவரின் பெண்டாட்டியான நான் என்று ஆளுக்கொரு சாமி. கண் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் பேதமே கிடையாது.

அந்த ஹாலுக்குள்தான் வாயை மூடத் தெரியாத ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். வந்த முதல் நாள், மகனைப் பாயில் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தவர், என்னைப் பார்த்து ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"யக்கா, ஒங்க பாப்பா இப்பம் பந்துல உக்காந்துருக்கும்போது ரெண்டு கையையும் எடுத்துட்டு. பாத்தியளா?"

நான் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தேன். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. இருக்கிற கண்ணெல்லாம் ஒரே நேரத்தில் என் மகள்மேல் திரும்பியது. நான் வழக்கம்போல, அதெல்லாம் ஒன்றுமில்லை, தற்செயலாக இருக்கும் என்று முனகினேன். அவரா விடுவார்? இல்லை, நான் பார்த்தேன், நன்றாகவே எடுத்தது என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நித்யாவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். எங்கள் வீட்டில் மிளகாய்க்குப் பஞ்சமா என்ன.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்த ஹாலில் பெரியவர்களுக்குப் பெயரே கிடையாது. நான் நித்யா அம்மா, விழிஞ்ஞத்துக்காரி அலீனா அம்மா, அவர் இசக்கி அப்பா. என் போனில் இன்னமும் 'இசக்கி அப்பா தெரபி' என்றுதான் கிடக்கிறது. போன வருஷம் ஒரு நாள் அழைத்துப் பார்த்தேன். யாரோ எடுத்து இந்தியில் பேசினார்கள். அதற்குப் பிறகு அழைக்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தார். மனைவி ஊரில் கைக்குழந்தையோடு இருந்ததால் மகனைத் தூக்கிக்கொண்டு அவரே வருவார். கடை மூடும்வரை கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற உடம்பு. காலையில் என்னதான் சோப்புப் போட்டுக் குளித்தாலும் எண்ணெய் வாசனை போகாது. என் புடவையில் மண்டி வாசனை. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரும்போது நித்யா மூக்கைப் பொத்திக்கொண்டு, ரெண்டு பேரும் சேர்ந்தால் குருமா என்பாள். இசக்கி விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் இரண்டாம் வகுப்பு. அவனுக்குச் சிரிப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

இந்த நோயைப் பற்றி எனக்கு விளங்கின மட்டும் சொல்கிறேன். அபூர்வமாக வருவதாம். பெயரே யாரோ இரண்டு வெளிநாட்டு டாக்டர்களின் பெயர். என் கணவருக்கு அதைத் தடங்கலில்லாமல் சொல்லவே ரொம்ப நாளாயிற்று. ஏதோ ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்து போகும். அதை விரட்டப் போன உடம்பின் படை, விரட்டி முடித்த கையோடு சொந்த நரம்பையே கடித்துக் குதறிவிடும். முதலில் கால் மரக்கும், பிறகு நிற்க முடியாது, பிறகு மூச்சுக்கே மெஷின் வைக்க வேண்டிவரும். நித்யாவுக்கு அத்தனையும் ஒரே வாரத்தில் நடந்து முடிந்தது. எட்டு வயதுப் பெண், அப்போதுதான் சைக்கிள் பழகியிருந்தாள். டாக்டர் ஒரு வயரை உதாரணம் காட்டினார். வயரின் மேலுறை போயிருந்தால் திரும்ப வளரும், உள்ளே இருக்கிற கம்பியே போயிருந்தால் வருஷக்கணக்கில் ஆகும், சிலருக்கு வராமலும் போகும். நித்யாவுக்குப் போனது உறை. இசக்கிக்குக் கம்பி. கை மட்டும் அவனுக்கு அந்த ஹாலுக்கு வரும் முன்பே ஓரளவு திரும்பியிருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே திரும்பவில்லை.

திரும்ப வளரும் என்று டாக்டர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது வளர்கிறவரை தூக்கிச் சுமப்பது யார்? கிழக்கேகோட்டையில் பஸ் பிடிக்க வேண்டும், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கி அரை பர்லாங் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மேலே போனால் மற்ற பிள்ளைகள் முடிக்கிறவரை காத்திருப்பு. பிறகு அதே பஸ்ஸில் திரும்பி வந்து சமையல், சமையல் முடிந்தால் காலுக்கு எண்ணெய், சொல்லிக்கொடுத்த பயிற்சிகள். எனக்கு அழுகை வந்ததாகக்கூட ஞாபகம் இல்லை. தூக்கம்தான் வந்தது. எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினேன். தெரபி சொல்லிக்கொடுக்கிற மலையாளிப் பெண்ணை எல்லாரும் சேச்சி என்போம். கெட்டிக்காரி, பொறுமைசாலி. ஆனால் என்ன கேட்டாலும் அவளிடமிருந்து ஒரே சொல்தான் வரும்: "நோக்காம்." நம் ஆட்கள் பார்க்கலாம் என்றாலே கைவிரித்த மாதிரிதான். அதை மலையாளத்தில் வேறு கேட்டால் எப்படி இருக்கும்!

ஆகவே, என் மகளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த ஹாலில் வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் இந்தப் பரோட்டா மாஸ்டர்தான். இன்றைக்கு முட்டி மடங்காமல் நின்றாள், இன்றைக்குக் குதிகாலைத் தரையில் வைத்தாள் என்று ஏதாவது இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எப்படி இத்தனை பேரையும் கவனிக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். கல்லில் எத்தனை கிடந்தாலும் அத்தனையையும் பார்க்க வேண்டாமா, ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றால் மற்றது கருகிவிடாதா என்றார்.

அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு நாள், நித்யா பாதத்தைத் தூக்கிவிட்டாள் என்று முழக்கினார். இந்த நோயில் கடைசியில் திரும்புவது அதுதான், பாதத்தை மேலே தூக்குவது. எனக்கு ஜிவ்வென்றிருந்தது. கண்ணாவது மண்ணாவது என்று கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் மண்டியை விட்டுவிட்டு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை நாங்கள் உள்ளே நுழைந்ததும் இசக்கி அப்பா எழுந்து நின்றார். நேற்று தாம் சொன்னது தப்பு என்றார். வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்ததாம், சேச்சியிடம் கேட்டாராம். பாதம் தூக்கவில்லை, தொடையைத் தூக்கினதில் பாதமும் கூடவே வந்திருக்கிறது. இதையும் அந்த உரத்த குரலில், எல்லார் முன்னாலும் சொன்னார்.

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? இன்னும் பத்து நாள் நாங்கள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகிறோம். அப்படியே அவரிடம் கேட்டும்விட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். தெரிந்த பிறகு சொல்லாமல் எப்படி இருப்பது என்றார். அவருக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. என்ன மனிதர் இவர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சொந்த மகனைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இசக்கி பாயில் கிடப்பான். சேச்சி அவன் காலை மடக்கி, நீட்டி, மடக்கி, நீட்டி வைப்பாள். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துச் செய்தி சொல்லிக்கொண்டிருப்பார். தன் பிள்ளையைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஊரார் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நானும் அதை நம்பினேன்.

அலீனா அம்மா ஒரு நாள் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். நாலு வயது அலீனா அன்று சோற்றைத் தானே அள்ளி வாயில் வைத்துக்கொண்டதை இவர் ஊரறியச் சொன்னார். அன்றைக்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் வார்டில் கிடந்தது. திரும்பி வந்தபோது கை மறுபடியும் துவண்டிருந்தது. அலீனா அம்மா கடற்கரையில் நாலு படகுக்கு ஏலம் கூவிய குரல் கொண்டவள். ஹாலே அதிர்ந்தது. அவர் கண்ணைத் தோண்டிக் கடலில் போட வேண்டும் என்றாள். கடைசியில் மூச்சு வாங்க நின்று, மெதுவாகச் சொன்னாள்.

"ஊரான் பிள்ளையெ எதுக்கு நீ நோக்குதே? நீ உன் பிள்ளையெ நோக்கு."

அவர் குனிந்து இசக்கியின் காலில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். வருவார், மகனைக் கிடத்துவார், குந்தி உட்காருவார், போய்விடுவார். பிடிவாதமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாடா, ஒழிந்தது என்றுதான் முதலில் எனக்கு இருந்தது. இரண்டு மூன்று நாளில் ஹாலில் உட்கார முடியாமல் போயிற்று. நித்யா இரண்டு கைப்பிடிக் கம்பிக்கு நடுவில் நடப்பாள், நான் உற்று உற்றுப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருக்கிறது. எல்லா அம்மாக்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அப்படியேதான் இருக்கு என்று இத்தனை நாள் பொய்யாகச் சொன்னதை இப்போது நிஜமாகவே நம்பத் தொடங்கினோம்.

முதலில் உடைந்தது அலீனா அம்மாதான். ஒரு காலை நெத்திலி வறுவல் டப்பாவைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள். என் மோளை, அலீனாவை, நீ பார்த்தாயா இல்லையா என்று சண்டைக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அலீனா இப்போது இடது கையாலும் கரண்டி பிடிக்கிறாள், முந்தா நாளிலிருந்து, என்றார். முந்தா நாளே சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று அவள் மறுபடியும் கத்தினாள். கத்திக்கொண்டே தோள்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று எல்லாருக்கும் நெத்திலி. நான் சைவம், பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு முறை இசக்கியைப் பற்றி என்னிடம் பேசினார். லிஃப்டுக்காக வராந்தாவில் காத்திருந்தபோது. நோய் வந்த சமயம் அவர் மகனோடு தனியாகத் தம்பானூரில் ஒரு அறையில் இருந்தார். ஒரு நாள் காலை பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த பையன், காலில் எறும்பு ஊருகிறது என்றானாம்.

"நான் எறும்பத் தேடுனேன் யக்கா. பாய உதறுனேன். செவத்தோரம் பூரா மருந்து போட்டேன். மறுநாளும் சொன்னான், அப்பவும் எறும்பத்தான் தேடுனேன். அவன் காலப் பாக்கவே இல்ல."

லிஃப்ட் வரவில்லை. மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கிப் போனார். நித்யா கால் மரக்கிறது என்று சொன்ன அன்று நானும் அவளுக்கு இஞ்சிக் கஷாயம்தான் போட்டுக் கொடுத்தேன்.

இசக்கியை அனுப்பப்போகிறார்கள் என்று அந்த மழைக்காலத்தில் தெரியவந்தது. இனி இங்கே செய்ய இருப்பதை ஊரிலேயே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஹாலில் எல்லாருக்கும் தெரியும். நித்யா அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் உறை மாட்டி நடப்பாள். பிள்ளைகள் அந்த உறையைக் 'கால்' என்றே சொல்வார்கள். நடக்காத இசக்கிக்கும், பாதம் வளைந்துவிடாமல் இருக்க, ஒரு ஜோடி இருந்தது. என் கால் எங்கே, என் காலை எடு என்று அங்கே எப்போதும் ஒரு கூச்சல் இருக்கும். அவளுக்குப் பாக்கி இருந்தது படி இறங்குவதுதான். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பு மாடியில். மணி அடித்தால் பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடிவருகிற படியில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? கையை விட்டு இறங்கினால் ஸ்கூல், அதுவரை வீடு என்று சேச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நித்யாவுக்குப் பயம். கம்பியை விடவே மாட்டாள். ஒவ்வொரு நாளும் அவள் ஹாலில் இருந்த பயிற்சிப் படியில் இறங்கி முடித்ததும் நான் இசக்கி அப்பாவைப் பார்ப்பேன். இல்லை, இன்றும் பிடித்துத்தான் இறங்கினாள் என்பார்.

அந்தக் கடைசி வாரம் ஒரு விசித்திரம் நடந்தது. ஹாலில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் இசக்கியைப் பார்க்க ஆரம்பித்தோம். யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. அந்த மனிதரைச் சும்மா அனுப்பக் கூடாது, சொல்வதற்கு ஏதாவது கிடைக்காதா என்று எல்லாருக்கும் இருந்தது. அவன் கணுக்காலை, முட்டியை, விரலை அப்படிப் பார்த்தோம். என் மகளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசி நாள், சேச்சி பயிற்சியை முடித்து எழுந்தாள். அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அலீனா அம்மாவால் தாங்க முடியவில்லை.

"பெருவிரல் அனங்கிச்சு," என்றாள். "இசக்கியோட பெருவிரல். இப்பம். நான் கண்டேன்."

விரல் அசைந்ததாம். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, மகன் காலடியில் குந்தி உட்கார்ந்தார். அந்த விரலைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. இந்த ஒரு தடவை சொன்னால்தான் என்ன?

"இல்லக்கா," என்றார். குரலில் கோபமே இல்லை. "அது அசையல. நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன்."

மகன் காலைத் துண்டால் மூடிக்கொண்டே, "வந்த நாள்ல இருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன்," என்றார்.

அலீனா அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். இத்தனை நாள் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. கல்லில் கிடந்த அத்தனையையும் அந்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடையதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது வேகவே இல்லை.

லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. அவர் இசக்கியைத் தோளில் போட்டுக்கொண்டார். அவன் பின்பக்கம் பார்த்தபடி அப்பாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டான். நான் அவர் பையை எடுத்துக்கொண்டேன். நித்யா எதையோ கையில் வாரி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். எப்போதும் அவளுக்கு ஒரு படி முன்னால் பக்கவாட்டில் இறங்குகிறவள் நான். அன்று எதுவும் தோன்றவில்லை. கண் கலங்கிப்போய், கிடைத்த படியில் கால் வைத்து அவரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனதும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், கணுக்கால் இறுகிவிடும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். அவரும் ஆமாம், ஆமாம் என்றார். வேறு என்ன பேச.

கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது இசக்கி பேசினான்.

"அப்பா. நித்யா கம்பியப் பிடிக்கல."

அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லாப் பாத்தியாலே?"

"பாத்தேன். ரெண்டு கையிலயும் என் காலு இருக்கு."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். மேலே ஹால்வரை கேட்கிற அந்தப் பழைய குரலில் சொன்னார்.

"யக்கா, ஒங்க பாப்பா கம்பியப் பிடிக்காம எறங்குது. இசக்கி பாத்துருக்கான்."

நான் திரும்பினேன். நாலு படிக்கு மேலே, இசக்கியின் இரண்டு பிளாஸ்டிக் கால்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நித்யா நின்றாள். எல்லாரும் ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டாள். அவள் அடுத்த படியில் காலை வைத்தாள், அதற்கடுத்த படியிலும் வைத்தாள்.

வெளியே நல்ல மழை. ஆட்டோ வந்தது. கால்களை நித்யாவே இசக்கியின் மடியில் வைத்தாள். இசக்கி கை ஆட்டினான். அவர் ஆட்டோக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் என் கணவர் வேகவேகமாக அடுக்களைக்குப் போய் உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்தார். யார் கண்ணெல்லாம் பட்டதோ, சுற்றிப் போடு என்றார். வேண்டாம் என்று தட்டிவிட்டேன். பட்டது இசக்கியின் கண். அது என் மகள்மேல் அப்படியே இருக்கட்டும்.